பன்னிரண்டாவது விண்ணப்பம்

— இன்னொரு தடவை படி டெலோரஸ். மெதுவா.

— மூணு தடவை படிச்சாச்சு தலைவரே. "தங்கள் நிறுவனம் பன்னிரண்டாவது முறையாக அனுப்பிய விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் அளித்த உறுதிமொழியின் பேரில், பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை வழங்கவும், கடன் பத்திரங்களின் மீது நிலுவையிலுள்ள வட்டியைச் செலுத்தவும் அனுமதி அளிக்கப்படுகிறது." அவ்வளவுதான். கீழ கையெழுத்து.

— எங்கயாவது ஒரு "ஆனால்" இருக்கும், தேடு. கான்சாஸ் சிட்டி ரிசர்வ் வங்கிக்காரங்க "ஆனால்" போடாம கடுதாசி எழுதி நான் பார்த்ததே இல்லை.

— இல்லை. "நல்வாழ்த்துகள்"னு கூட போட்டிருக்காங்க.

— நல்வாழ்த்தா! பதினொரு தடவை "இயலாது, இயலாது"ன்னு எழுதின அதே கையா இது? இது சதி டெலோரஸ். வரலாற்றுல எந்த அரசாங்கமும் கேட்டதைக் குடுத்ததில்லை.

— நீங்க கேட்டீங்க, குடுத்துட்டாங்க. மூணு வருஷமா ஒவ்வொரு காலாண்டும் "டிவிடெண்ட் குடுக்க விடு, வட்டி கட்ட விடு"ன்னு எழுதினது நாமதானே?

— எழுதினோம். அவங்க மறுப்பாங்கன்னு நம்பித்தானே எழுதினோம்!

— அது சரி.

— என்ன அது சரி? கூடத்துல போய்ப் பாரு. பதினொரு மறுப்புக் கடிதமும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கு.

— பார்க்காம என்ன? தாத்தா படத்துக்கும் நீங்க பிடிச்சுப் பாடம் பண்ணி மாட்டின மீனுக்கும் நடுவுல. பன்னண்டாவதுக்கு ஆணி கூட நேத்து அடிச்சாச்சு. தானியக் கிடங்குல ஊர்க்காரங்க கூடற காபி மேசையிலயும் இடம் தயாரா இருக்கும். மறுப்பு வந்த நாள்ல எல்லாம் நீங்க அதை எழுந்து நின்னு படிப்பீங்க, உங்க காபிக்கு வேற யாராவது காசு குடுப்பாங்க. இனிமே மத்தவங்க மாதிரி நீங்களும் பகடை உருட்டித்தான் பார்க்கணும், யார் காசு குடுக்கறதுன்னு.

— உனக்குக் கிண்டலா இருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்குத் தீயணைப்பு நிலையத்துல ஆண்டுக் கூட்டம். இருநூத்தம்பது பங்குதாரர். அவங்க முன்னாடி நான் என்ன பேசறது?

— பேச்சு டைப் அடிச்சு வெச்சிருக்கேன். "அவர்கள் மறுத்தார்கள்!" அப்படீன்னு பதினாலு இடத்துல வருது. நீங்க சொல்லச் சொல்லக் கூட்டமும் சேர்ந்து சொல்லணும்னு பென்சில்ல குறிச்சிருக்கீங்க. எல்லா இடத்துலயும் "அனுமதித்தார்கள்"னு மாத்தட்டுமா?

— மாத்தினா அடுத்த வரி என்னம்மா வரும்? "அனுமதித்தார்கள்"னு நான் சொன்னதும் "செக் எங்கே"ம்பாங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து ஆண்டுக் கூட்டத்துல தலைவர்தான் ஒவ்வொரு பங்குதாரர் கையிலயும் செக்கைக் குடுப்பார். பேரைச் சொல்லி, கை குலுக்கி, "பயிர் எப்படி"ன்னு ஒரு வார்த்தை கேட்டு. அப்பா நாப்பத்தோரு வருஷம் குடுத்தார். நான் கடைசியா குடுத்தது 2009. நாளைக்கும் வரிசையில வந்து நிப்பாங்க.

— நிக்கட்டும், குடுத்துட்டாப் போச்சு.

— எதை வெச்சு? வட்டி பாக்கியை முதல்ல தீர்க்காம டிவிடெண்ட் குடுக்க முடியாது. நியூயார்க்ல நம்ம கடன் பத்திரம் வெச்சிருக்கறவங்களுக்கு மூணு வருஷ வட்டி எட்டே முக்கால் லட்சம் டாலர். டிவிடெண்ட் ஒரு ரெண்டு லட்சம். தாய்க் கம்பெனிக் கணக்குல என்ன இருக்கு? அறுபத்தோராயிரம்!

— டிசம்பர் கணக்குல அவ்வளவுதான் இருந்தது.

— நம்ம வங்கி லாபத்துல ஓடுதே டெலோரஸ். அங்கேயிருந்து ஒரு பத்து லட்சத்தை மேல இருக்கற தாய்க் கம்பெனிக்குத் தள்ளிட்டா?

— அதைத் தடுக்கத்தானே இந்தப் பூட்டே போட்டாங்க? வங்கியில கிடக்கறது டெபாசிட் போட்டவங்க பணம். அதுக்கு மேல உட்கார்ந்திருக்கற தாய்க் கம்பெனிதான் நியூயார்க்ல நாப்பது லட்சம் கடன் வாங்கி, வங்கி வழியா அரிசோனாவுல கொண்டுபோய்க் கொட்டினது. பாலைவனத்துல கோல்ஃப் மைதானம், சுத்தி நூத்திருபது வீடுன்னாங்க.

— நல்ல திட்டம் அது. காலம் சரியில்லை.

— வீடும் வரலை, மைதானமும் வரலை. தேள் வந்தது. நீங்களும் நானும் பார்க்கப் போனப்ப என் செருப்புக்குள்ள ஒண்ணு இருந்ததே.

— பழங்கதையை எல்லாம் ஏன் கிளறறே?

— கதை அங்கதானே ஆரம்பிக்குது. பூட்டு போட்டது அவங்கதான். ஆனா பெட்டி காலியா இருந்தது நம்ம சாமர்த்தியம். மூணு வருஷமா நீங்க ஊருக்குப் பூட்டை மட்டும் காட்டிக்கிட்டிருந்தீங்க. "உங்க பணம் உள்ள இருக்கு, வாஷிங்டன் தர விடமாட்டேங்குது"ன்னு. இப்ப சாவியைக் கையில குடுத்துட்டாங்க.

— சத்தமாப் பேசாதே. கவுண்டர்ல ஆள் இருக்கு.

— நான் எப்பவும் இந்தச் சத்தத்துலதான் பேசறேன்.

— விதவைகளை நினைச்சுப் பார்த்தியா டெலோரஸ்? இந்த டிவிடெண்டை நம்பி வாழற நம்ம ஊர் விதவைகள்! நாளைக்கு உண்மை தெரிஞ்சா அவங்க மனசு என்ன பாடு படும்?

— பங்கு வெச்சிருக்கற விதவைங்க ரெண்டு பேர். ஒருத்தங்க போன ஜூன்ல டிராக்டர் கடைக்காரரைக் கட்டிக்கிட்டாங்க. இன்னொருத்தங்க குளிர்காலம் பூரா டெக்சாஸ் கடற்கரையில. மீன் படம் போட்ட தபால் அட்டை அனுப்பியிருக்காங்க, வேணுமா?

— உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது. சரி, நாளைக்குத் தலைவர் தேர்தலும் இருக்கு. உண்மை தெரிஞ்சா என்னை இறக்கிடுவாங்களா?

— இறக்கிடுவாங்க.

— யோசிக்கவாவது செய்யேன்!

— இதுல யோசிக்க என்ன இருக்கு? மூணு வருஷமா உங்களை எதுக்குத் தேர்ந்தெடுத்தாங்க? அரசாங்கத்தோட சண்டை போடறீங்கன்னு. சண்டை முடிஞ்சது, நீங்க ஜெயிச்சுட்டீங்க, குடுக்கப் பணம் இல்லைன்னு சொன்னா யாரு விடுவாங்க?

— தாத்தா உட்கார்ந்த நாற்காலி. அப்பா உட்கார்ந்த நாற்காலி. அதுலேர்ந்து இறங்கற முதல் ஹவெல்கா நானாத்தான் இருக்கணுமா? டெலோரஸ், ஒரு கடுதாசி எழுது. "மேற்படி அனுமதியைத் தங்கள் பெருந்தன்மைக்குச் சான்றாகக் கருதி மகிழ்கிறோம். எனினும் தடையைத் தொடர்ந்து விதிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

— படிவத்துல "காரணம்"னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?

— "தனிப்பட்ட காரணங்கள்"னு போடு.

— பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டரா எழுதறோம்?

— அப்ப இந்தக் கடுதாசியை நாளைக்கு மதியம் வரைக்கும் மேசைக்குள்ள வை. நாம அதைப் பார்க்கலை.

— எல்விரா பார்த்துட்டாங்களே. பதினொரு தடவையும் சாதா உறை. இந்தத் தடவை கையெழுத்து வாங்கிக்கிட்டுக் குடுக்கற தபால். தபால் நிலையத்துல எல்விரா கையில கனமா ஒரு உறை பட்டா, அது ஊர் கையில பட்ட மாதிரிதான். பத்து மணிக்கே வாரப் பத்திரிகைக்காரர் போன் பண்ணிட்டார். நாளைக்கு நீங்க செக் குடுக்கற மாதிரி ஒரு படம் வேணுமாம். முதல் பக்கத்துல.

— முதல் பக்கமா?

— கலர்ல.

— பழைய பதினொண்ணுல ஒண்ணை எடுத்து, தேதியை மட்டும்...

— தலைவரே.

— தேதியை மட்டும்தான் சொல்றேன்.

— ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவோம். ஒரே அறையில போடமாட்டாங்க. அந்த ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்.

— முப்பத்தோரு வருஷம் கூடவே இருந்துட்டு, ஆபத்து வந்தா இப்படிப் பேசறே.

— முப்பத்தோரு வருஷம் கூடவே இருந்ததாலதான் இப்படிப் பேசறேன்.

— ஆமா, என்னமோ படிச்சியே. "தாங்கள் அளித்த உறுதிமொழியின் பேரில்." எந்த உறுதிமொழி? நான் என்ன உறுதி குடுத்தேன்?

— இப்பவாவது கேட்டீங்களே. நவம்பர்ல அனுப்பின விண்ணப்பம் இதோ. அஞ்சாவது பக்கம்.

— நீதானே எழுதறது?

— கணக்கு நான் எழுதுவேன். அடைமொழி எல்லாம் நீங்க. முதல் விண்ணப்பம் ஒரே பக்கம். நாலாவதுல தூக்கத்தைத் தியாகம் பண்றதா எழுதினீங்க. எட்டாவதுல கடைசிச் சொட்டு ரத்தம். ரத்தத்துக்கு ரிசர்வ் வங்கியில படிவம் இல்லை, அதனால விட்டுட்டாங்க. பன்னண்டாவதுல இதை எழுதினீங்க: "எம் பாட்டனார் இப்புல்வெளியில் முதற்கலப்பை பதித்த நாள் தொட்டு இம்மக்களின் வியர்வையோடு கலந்தது எம் குடும்பம். தேவை நேரின், எம் குலத்தின் முந்நூற்றிருபது ஏக்கர் நிலத்தையும் இந்நிறுவனத்தின் காலடியில் வைக்கச் சித்தமாயிருக்கிறேன். இது உறுதி!"

— ஆஹா. எப்படி வந்து விழுந்திருக்கு பார்த்தியா? கண் கலங்குது எனக்கு.

— அவங்களுக்கும் கலங்கியிருக்கும். துடைச்சுக்கிட்டு, "நிலப் பத்திரத்தின் நகல் அனுப்பவும்"னு எழுதினாங்க. நிலத்துக்குப் படிவம் இருக்கு.

— எப்ப எழுதினாங்க? எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே!

— டிசம்பர்ல. நீங்க காட்டுக்கோழி வேட்டைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தீங்க. ஒரு கால் பூட்ஸ்ல, ஒரு கால் வெளியில. "நிலத்தைப் பத்தி என்னமோ கேக்கறாங்க"ன்னேன். "எதைக் கேட்டாலும் ஆமாம்னு எழுது, எப்படியும் இல்லைன்னுதான் சொல்லப் போறாங்க"ன்னுட்டு நாயைக் கூப்பிட்டுக்கிட்டுப் போனீங்க.

— அப்ப இப்ப நான் நிலத்தைக் குடுக்கணுமா?

— வாக்கு குடுத்திருக்கீங்க. குடுக்கலைன்னா அந்த அஞ்சாவது பக்கம் பொய்யின்னு ஆகும். அரசாங்கத்துக்கிட்ட எழுத்துல பொய் சொன்னா என்ன தண்டனைன்னு அதே படிவத்துல அடியில பொடி எழுத்துல இருக்கு.

— கொஞ்சம் இரு. தண்ணி குடு. இரு, இரு, இரு. டெலோரஸ்! அந்த நிலம் என் பேர்லயே இல்லையே!

— இல்லை.

— அரிசோனாக்காரங்க கேஸ் போடுவாங்கன்னு 2009ல என் பெண்டாட்டி லவோன் பேருக்கு மாத்திட்டோமே! சட்டப்படி எனக்கு ஒரு சாண் நிலம் கிடையாது! எங்கிட்ட இல்லாததை நான் தர்றேன்னு எழுதினா அது எப்படி வாக்குறுதி ஆகும்? அது இலக்கியம்!

— இலக்கியம்னு அவங்களுக்கு எழுதிடட்டுமா?

— எழுது! இல்லை, எழுதாதே. இன்னும் நல்லா ஒண்ணு தோணுது. பேனாவை எடு. நாளைக்குப் பேச்சை மாத்தறோம். "ஒரு கையால் அனுமதி தந்தார்கள். மறு கையால் என்ன கேட்டார்கள் தெரியுமா? என் மனைவியின் நிலத்தைக் கேட்டார்கள்!" இந்த இடத்துல ஒரு நிறுத்தம். "நான் மறுத்தேன்!" பதினாலு இடத்துலயும் "அவர்கள் மறுத்தார்கள்"ங்கறதை எடுத்துட்டு "நான் மறுத்தேன்"னு போடு. வரலாறு திரும்புது டெலோரஸ்! அனுமதியும் செல்லாது, செக்கும் குடுக்க வேண்டாம், கூட்டம் எழுந்து நிக்கும்!

— அதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

— லவோனையா? அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நாளைக்கு மேடையில என் பக்கத்துல நின்னா போதும். கைக்குட்டையோட.

— நான் சொன்னதைச் சொல்லிட்டேன். ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

— கேக்கறேன், கேக்கறேன். அதோ அவளே வர்றாளே. லவோன்! உனக்கு நூறு வயசு!

— கதவைப் பிடி லூமிர், கை பூரா மாவு. டெலோரஸ், நாளைக்கு எத்தனை தலைன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். இருநூத்தம்பதுக்கு மாவு பிசைஞ்சேன், கொலாச்சி பன் முப்பது டஜன் ஆச்சு. உள்ள வைக்கற பாப்பி விதை தீர்ந்துபோச்சு, பாக்கியை ஆப்ரிகாட் வெச்சு ஓட்டிக்கறேன். பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் தீயணைப்புக்காரங்க பார்த்துக்கறாங்களாம்.

— கூட நாப்பது வெச்சுக்கோ லவோன். எல்விரா வாயால கூட்டம் கூடும்.

— கொலாச்சி கிடக்கட்டும். இப்படி உட்காரு லவோன். மனசைத் திடமா வெச்சுக்கோ.

— ஏன், யாரு போயிட்டாங்க?

— யாரும் போகலை. ரிசர்வ் வங்கிக்காரங்க உன் நிலத்தைக் கேக்கறாங்க.

— கேட்டாங்க. டிசம்பர்லயே.

— உன்கிட்டயா?

— பத்திரம் என் பேர்ல இருந்தா வேற யாரைக் கேப்பாங்க? டெலோரஸ் காகிதத்தோட வீட்டுக்கு வந்தா. நீ எழுதியிருந்ததைப் படிச்சுக் காட்டினா. பாட்டனார், கலப்பை, வியர்வை. நல்லாத்தான் இருந்தது.

— நீ என்ன சொன்னே?

— விலை விசாரிச்சேன். மக்காச்சோளம் இந்த விலை விக்கறப்ப ஏக்கருக்கு ஏழாயிரம் தர்றேன்னாங்க. என் ஆயுசுல இன்னொரு தடவை இந்த விலை வராது. வித்துட்டேன்.

— வித்துட்டியா! எங்க தாத்தா நிலத்தை!

— கத்தாதே, கவுண்டர்ல ஆள் இருக்கு. உங்க தாத்தா நிலத்துல நீ கடைசியா எப்பக் கால் வெச்சே? வாங்கினவர் புது வேலி போட்டு மூணு வாரம் ஆச்சு. தினம் அந்த வழியாத்தானே வண்டி ஓட்டறே. பேச்சை ஒத்திகை பார்த்துக்கிட்டே.

— பணம்? பணம் எங்கே?

— தாய்க் கம்பெனிக் கணக்குல தலைவரே. இருபத்திரண்டு லட்சத்து நாப்பதாயிரம். அதைப் பார்த்துட்டுத்தான் கான்சாஸ் சிட்டியிலேர்ந்து அனுமதியே வந்தது.

— நீயும் சேர்ந்தா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?

— ஜனவரி இயக்குநர் கூட்டத்துல ஏழாவது தீர்மானம். வாசிக்க ஆரம்பிச்சேன். "மீதியைப் படிச்சதா வெச்சுக்குவோம்"னு நீங்கதான் முன்மொழிஞ்சீங்க. எல்லாரும் கை தூக்கினாங்க. கையெழுத்தும் உங்களுது, பச்சை மையில. அதுக்கு மேல வீட்டு விஷயத்தை லவோன்தான் சொல்லணும்னு விட்டுட்டேன்.

— நானும் சொல்லத்தான் பார்த்தேன் லூமிர். சாப்பாட்டு மேசையில நாலு தடவை "அந்த நிலம்"னு ஆரம்பிச்சேன். நாலு தடவையும் நீ எழுந்து நின்னு உங்க தாத்தாவைப் பத்திப் பேசினே.

— சரி. சரி. பதட்டப்படக் கூடாது. யோசிச்சுப் பார்த்தா இது நல்லதுதான். அப்ப நாளைக்கு செக் குடுக்கலாம்! வட்டியும் தீரும். லவோன், உன் தியாகத்தை வரலாறு மறக்காது. பேச்சுல உனக்கு ஒரு பத்தி ஒதுக்கறேன்.

— தியாகமா? கதையை விடு. சும்மா குடுக்கறதுக்கு நான் என்ன கோயில் உண்டியல்லயா போட்டேன்? புதுப் பங்கு வாங்கிக்கிட்டேன். ஒண்ணு பதினாலு டாலர்.

— பதினாலா? அறுபது டாலர் பங்கும்மா அது!

— அறுபதாத்தான் இருந்தது. நீதான் மூணு வருஷமா மைக் பிடிச்சு, "ஒரு சென்ட் வராது, ஒரு சென்ட் வர விடமாட்டாங்க"ன்னு சொல்லிக்கிட்டே வந்தே. எல்லாரும் நம்பினாங்க. நானும் முன் வரிசையில உட்கார்ந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

— டெலோரஸ். இப்ப... மொத்தப் பங்குல இவ கையில எவ்வளவு?

— நூத்துக்கு அறுபத்தி மூணு தலைவரே.

— லவோன்...

— முகத்தை அப்படி வெச்சுக்காதே. பேச்சை விடவேண்டாம், பாவம், உழைச்சு எழுதியிருக்கே. தலைவர் ஓட்டெடுப்புக்கு முன்னாடியே பேசி முடிச்சுடு லூமிர், அதுக்கப்புறம் யாருக்கு எத்தனை நிமிஷம்ங்கறது என் இஷ்டம்.